ஸ்பைரியா பூக்கவே இல்லை, தோண்டி எறிந்துவிடலாமா?

கோவைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன ஆகஸ்டில் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வீடு வாங்கினோம். வீட்டோடு தோட்டமும் வந்தது, ஆனால் எனக்குத் தெரிந்த தோட்டம் கறிவேப்பிலை, கனகாம்பரம், செவ்வந்தி, அதோடு முடிந்தது. முன்பக்கம் டிரைவ்வே ஓரத்தில் முழங்காலுக்குச் சற்று மேலே வருகிற உயரத்தில் மூன்று புதர், பின்பக்கம் வேலியை ஒட்டி என்னைவிட உயரமாக ஒரே ஒரு பெரிய புதர். நாலுமே ஸ்பைரியா என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். மே கடைசியில் அந்தப் பெரியது இலையே தெரியாமல் வெள்ளையாகப் பூத்து வேலிமேல் கவிழ்ந்து கிடக்கும், பார்க்க அத்தனை அழகாக இருக்கும் என்றும் அவர்தான் சொன்னார்.

குளிர்காலம் முழுக்க அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்திருந்தேன். இப்போது ஜூன் பத்து. அடியில் நாலைந்து குச்சியில் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்ததோடு சரி, மீதி எல்லாம் இலைதான்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்டோபரில், பனி விழுவதற்குள் சுத்தமாக இருக்கட்டுமே என்று ஹெட்ஜ் டிரிம்மர் வாடகைக்கு எடுத்து நாலையும் உருண்டை உருண்டையாக வெட்டினேன். அதனால்தான் பூக்கவில்லை என்கிறாள் மனைவி. அதே நாளில், அதே மெஷினால் வெட்டின முன்பக்கத்து மூன்றும் இப்போது மொட்டு வைத்திருக்கின்றனவே, அது எப்படி என்பது என் கேள்வி.

இன்னொன்று, முன்பக்கத்து மூன்றில் ஒன்றுக்கு இலை முழுக்க மஞ்சள். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும் என்று கடையில் இரும்பு உரம் வாங்கி இரண்டு தடவை போட்டாயிற்று, பச்சையாகிற வழியைக் காணோம். பெரியதைத் தோண்டிவிட்டு ரோஜா வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

வளவுக்காரி எழுதியது:

ஐயோ தம்பி, தோண்டாதீர்கள்! உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் நீங்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் ஸ்பைரியா என்று ஒரே பெயரில் இரண்டு குணம் உள்ள செடிகளை விற்கிறார்கள், அது தெரியாமல் வெட்டித்தான் இங்கே பாதிப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் அப்படித்தான் படித்தேன்.

உங்கள் பின்வளவில் நிற்பது வேன்ஹூட்டி என்கிற இனமாகத்தான் இருக்க வேண்டும், பெல்ஜியத்தில் நாற்றுத் தோட்டம் வைத்திருந்த லூயி வான் ஹூட்டே என்பவரின் பெயர். மணப்பெண் மாலை என்று பொருள் வருகிற பெயரும் அதற்கு இருக்கிறது, பிரைடல் ரெத். வில் மாதிரி வளைந்து தொங்குகிற கிளை, அதன் நீளத்துக்கும் சின்னச் சின்ன வெள்ளைக் கொத்து, இதுதான் அடையாளம். இது பழைய கிளையில் பூக்கிற சாதி. இந்தக் கோடையில் வளர்கிற கிளையிலேயே அடுத்த மே மாதத்துக்கான மொட்டு உட்கார்ந்துவிடும், அந்த மொட்டோடுதான் குளிரைத் தாண்டும். நீங்கள் அக்டோபரில் வழித்து எடுத்தது இலையை இல்லை, இந்த வருடத்துப் பூவை. அடிக்குச்சி மெஷினுக்கு எட்டாமல் தப்பியது, அதனால் அங்கே மட்டும் பூத்தது.

முன்பக்கத்தில் இருப்பது ஜப்பானிய ஸ்பைரியா. பூ கிளை நுனியில் தட்டையாக, இளஞ்சிவப்பாக, ஒரு சின்னத் தட்டு மாதிரி வரும். அது அந்தந்த வருடம் புதிதாகத் துளிர்க்கிற கிளையில் பூக்கிறது. ஆகவே அக்டோபரில் வெட்டினாலும் ஏப்ரலில் வெட்டினாலும் அதற்கு ஒன்றுதான். என்றாலும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில், மொட்டு வீங்குகிற நேரத்தில் வெட்டுவது நல்லது. குளிரில் எந்தக் குச்சி செத்தது, எது பிழைத்தது என்று அப்போதுதான் தெரியும்.

மஞ்சள் இலைக்கு இனி இரும்பு போடாதீர்கள், சிரித்துவிட்டேன், குறை நினைக்காதீர்கள். அது கோல்ட்மவுண்ட் மாதிரி ஓர் இனமாக இருக்கும், இலையே அந்த நிறம், அந்த நிறத்துக்காகத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உண்மையிலேயே இரும்பு குறைந்தால் நரம்பு பச்சையாக நிற்கும், இடையில் மட்டும் வெளிறும். உங்களுடையது ஒரே சீராக மஞ்சளா என்று கிட்டப் போய்ப் பாருங்கள்.

கோவைக்காரன் எழுதியது:

அக்கா, ஒரே சீராகத்தான் மஞ்சள், நரம்பு உள்பட. இரண்டு பாட்டில் இரும்பு உரம் போனது போனதுதான். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்படியென்றால் பெரியதை இப்போது என்ன செய்வது? மேலே உருண்டை, உருண்டையிலிருந்து நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு புதுக்கிளை, பார்க்க முள்ளம்பன்றி மாதிரி இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் கட்டைவிரல் தடிமனில் பழைய தண்டுகள், உரிந்த பட்டை, இலையே இல்லை. தரையோடு வெட்டிவிட்டால் புதிதாக வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

மண்வெட்டி எழுதியது:

வளவுக்காரி அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பன்னிரண்டு வருடமாக லேண்ட்ஸ்கேப்பிங் வேலையில் இருக்கிறேன், இந்த உருண்டை வியாதியை ஆரம்பித்து வைத்ததே எங்களைப் போன்ற ஆட்கள்தான். செப்டம்பர், அக்டோபரில் ஒரு நாளைக்குப் பத்து வீடு முடிக்க வேண்டும், எது எந்தச் செடி என்று பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது, மெஷினை ஓட்டிவிட்டுப் போய்விடுவோம். வருடா வருடம் மேலே மட்டும் சீவினால் வெளித்தோலில் இலை அடர்ந்துகொண்டே போகும், உள்ளே வெயில் இறங்காது, நீங்கள் பார்த்த அந்த இலையில்லாத கூடு அப்படித்தான் உண்டாகிறது.

தரையோடு வெட்டலாமா என்றால், வெட்டலாம், செடி சாகாது. ஆனால் அதை ஜூனில் செய்யாதீர்கள். அது மார்ச் கடைசியில், இலை வருவதற்கு முன்னால் அரை அடி விட்டுவிட்டு வெட்டுகிற வைத்தியம். ஜப்பானிய வகைக்கு அப்படிச் செய்தால் அதே கோடையில் பூத்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. வேன்ஹூட்டிக்குச் செய்தால் அந்த வருடம் பூ இல்லை. நான் என் சொந்த வீட்டில் அதைச் செய்துவிட்டு இரண்டு மே மாதம் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா தினமும் யன்னல் வழியாக அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்.

அதனால் பொறுமையான வழியைச் சொல்கிறேன். இப்போதுதான் சரியான நேரம், பூ முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்யுங்கள், ஜூலை நடுப்பகுதிக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஹெட்ஜ் டிரிம்மரைத் தொடாதீர்கள், நீளக் கைப்பிடி வைத்த கத்தரியோ சின்ன ரம்பமோ எடுத்துக்கொள்ளுங்கள். மிகவும் தடித்த, கிழட்டுத் தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மண்ணை ஒட்டி அறுத்துவிடுங்கள். பாதியில் வெட்டக் கூடாது, பாதியில் வெட்டினால் அங்கிருந்து மறுபடி முள்ளம்பன்றிதான். அடுத்த வருடம் பூத்து முடிந்ததும் இன்னொரு பங்கு, அதற்கு அடுத்த வருடம் மீதி. மூன்று வருடத்தில் புதர் முழுக்கப் புதுத்தண்டாகிவிடும், இடையில் எந்த வருடமும் பூ முற்றிலும் இல்லாமல் போகாது. ஒரு எச்சரிக்கை, இது வளர்ந்தால் ஆறிலிருந்து எட்டு அடி உயரம், அகலம் அதைவிடக் கூடப் போகும், கிளை வளைய இடம் வேண்டும். வேலிக்கும் அதற்கும் நடுவில் இடமே இல்லையென்றால் கவாத்து செய்து அதைக் குட்டையாக வைக்கப் பார்ப்பது வீண் வேலை, அதற்கு நீங்கள் சொன்ன மாதிரி தோண்டிவிட்டு வேறு வைக்கலாம். தோண்டுவதாக இருந்தால் நிலத்தடிக் குழாய், கம்பி எங்கே போகிறது என்று குறித்துக் கொடுக்கிற இலவச சேவைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சென்னை மாடி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தங்கை டொராண்டோவிலிருந்து இந்த வெள்ளைப்பூ படத்தை வருடா வருடம் அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறாள். நடுவதற்கு ஒரு போத்து, அதாவது வெட்டின கிளைத்துண்டு, கொண்டுவரச் சொன்னால் இங்கே மாடியில் தொட்டியில் வருமா?

வளவுக்காரி எழுதியது:

வராது, தங்கச்சி. வேன்ஹூட்டிக்கு மூன்று நாலு மாதம் இலை உதிர்த்துத் தூங்குகிற குளிர் வேண்டும், சென்னையில் அது எங்கே கிடைக்கும். அதோடு மண்ணோடும் வேரோடும் செடியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். கொத்துப்பூதான் வேண்டுமென்றால் உங்களிடம் இட்லிப்பூ இருக்கிறது, அதைப் பார்த்து இங்கே நாங்கள் வயிறு எரிகிறோம், கணக்குச் சரி.

போத்து என்றதும் ஞாபகம் வருகிறது. ஊரில் உயிர்வேலிக்குக் கதியால் குத்துகிற மாதிரி தடித்த தடியை வெட்டிக் குத்தினால் ஸ்பைரியா முளைக்கும் என்று நினைத்து நான் ஒரு வரிசையே குத்தினேன், ஒன்றுகூட வரவில்லை. ஜூன், ஜூலையில் இளம் நுனியை விரல் நீளத்துக்கு வெட்டி, கீழிலையைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் வைத்து நிழலில் மூடி வைத்தால் வேர் விடும். அதைவிடச் சுலபம் பதியம், வேன்ஹூட்டிக்குக் கிளை தானாகவே தரையைத் தொடும், அதன்மேல் ஒரு பிடி மண்ணும் ஒரு கல்லும் வைத்துவிட்டு அடுத்த வசந்தம்வரை மறந்துவிடுங்கள்.

மண்வெட்டி எழுதியது:

கோவைக்காரரே, மற்ற பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. தினம் ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், நிழலில் பூவும் குறையும், உங்கள் மஞ்சள் இலை ஒரு மாதிரி வெளிர்பச்சைக்கு மாறிவிடும். நன்றாக வேர்பிடித்த செடிக்கு மழை போதும், ஜூலையில் இரண்டு வாரம் சொட்டு மழை இல்லையென்றால் மட்டும் ஒரு தடவை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். ஏப்ரலில் இரண்டு அங்குலம் கம்போஸ்ட், அதற்குமேல் உரம் வேண்டாம். புல்லுக்குப் போடுகிற தழைச்சத்து உரம் இதன் அடிக்குப் போனால் இலை மட்டும் தழைக்கும்.

துளிர் சுருண்டிருந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி இருக்கும். குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தாலே முக்கால்வாசி போய்விடும். ஒன்டாரியோவில் 2009 ஏப்ரலிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கு அலங்காரத்துக்காக ரசாயனப் பூச்சிக்கொல்லி அடிக்கத் தடை, ஆகவே ஊரிலிருந்து யாரும் பாட்டில் எடுத்துவர வேண்டாம், மிஞ்சினால் பூச்சிக்கான சோப்புக் கரைசல் கடையில் கிடைக்கும். முன்பக்கத்து மூன்றும் ஜூலையில் முதல் பூ வாடியதும் மேலாக ஒரு மூன்று அங்குலம் வெட்டிவிடுங்கள், ஆகஸ்டில் இன்னொரு தடவை பூக்கும், விதையும் விழாது. அமெரிக்காவில் டென்னசி, வட கரோலினா மலைப்பக்கம் இந்த ஜப்பானிய வகை ஓடைக்கரை முழுக்கப் பரவி அங்கே களையாகவே ஆகிவிட்டது, அந்தப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் நடச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

கோவைக்காரன் எழுதியது:

நேற்று மாலை ரம்பத்தோடு உள்ளே புகுந்தேன். மொத்தம் இருபத்தியொரு தண்டு, எண்ணி ஏழு அறுத்தேன், கை முழுக்கக் கீறல். வெளியே இழுத்துப் போட்டபிறகு பார்த்தால் அடியில் பென்சில் தடிமனில் பச்சைக் குருத்து ஏழெட்டு ஏற்கெனவே நிற்கின்றன! பாட்டி வேலிக்கு அந்தப்பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, போன அக்டோபரிலேயே வேண்டாம் என்று கை காட்டினேனே, மெஷின் சத்தத்தில் நீ பார்க்கவில்லை என்றார். நான் அவர் என்னைப் பாராட்டிக் கையசைப்பதாக நினைத்துத் திருப்பிக் கையசைத்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஒரு கடைசிச் சந்தேகம். நான் உருண்டையாக்கினதில் மேலே முளைத்திருக்கிற அந்த முள்முள்ளான புதுக்கிளைகளை என்ன செய்வது, இப்போதே வெட்டிவிடவா?

வளவுக்காரி எழுதியது:

விடுங்கள் தம்பி, கையை வைக்காதீர்கள். பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் அடுத்த மே மாதத்துப் பூ அதில்தான் இருக்கிறது. டிரிம்மரை மட்டும் இந்த அக்டோபரில் வாடகைக்கு எடுக்காதீர்கள்.