மறு: பொதுமனிதரின் (பொதுவாழ்வில் இருப்பவரின்) இணையப் பேச்சை எடைபோடும் முறைக்கு என்ன சொல்?

ஐயா, வணக்கம்.

> 'நாகரிக மதிப்பீடு' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும்; ஆனால் வேறொன்றாகப் புரியும். நாகரிகம் என்றதும் மனம் வசைச்சொல், ஏகவசனம், தரக்குறைவான பேச்சு என்றுதான் ஓடுகிறது. அந்தச் சங்கதிக்குத் தொல்காப்பியத்திலேயே 'அவையல் கிளவி' இருக்கிறது: அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்ல வேண்டும். நாம் பெயர் தேடுவது அதற்கல்ல; பேசியவரின் நிலையையும் பேச்சின் விளைவையும் வைத்து எடைபோடும் வேலைக்கு. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்து கலவரம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் டிரம்ப் ஃபேஸ்புக்கில் ஒரு காணொளி போட்டார். வீட்டுக்குப் போங்கள் என்றார். கூடவே, உங்களை நேசிக்கிறோம், நீங்கள் மிகவும் சிறப்பானவர்கள் என்றார். கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஆண்டு மே 5-இல் ஃபேஸ்புக்கின் பதிவு நீக்க முடிவுகளை மறுஆய்வு செய்யும் மேற்பார்வை வாரியம் முடிவு சொன்னபோது, விதிமீறல் என்று சுட்டியது அந்த அன்பு மொழியைத்தான். (கணக்கைக் காலவரையின்றி முடக்கியது முறையல்ல என்று ஃபேஸ்புக்குக்கும் ஒரு குட்டு வைத்தது, அது வேறு கதை.)

வாரியம் கையில் எடுத்த அளவுகோல்களில் ஒன்று, வெறுப்பைத் தூண்டும் பேச்சை எடைபோட ஐ.நா. வகுத்த 2012 ரபாத் செயல்திட்டம். அது ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், சொன்னதும் சொன்ன விதமும், எவ்வளவு தூரம் பரவியது, கேடு விளையும் வாய்ப்பு. பணிவு, மரியாதை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அதே வாசகத்தை ஒரு பெட்டிக்கடைக்காரர் பதிவிட்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

> அப்படியானால் 'வரம்புச் சோதனை'?

ரபாத்தின் ஆறு கேள்விகளை மட்டும் குறிக்க அது போதும். அதை ஆங்கிலத்தில் 'threshold test' என்பார்கள்; threshold-க்கு இயற்பியல் பாடநூலில் உள்ள 'பயன்தொடக்க' என்னும் முன்னொட்டை இங்கே கொண்டுவந்தால் வாய் நோகும். ஆனால் நாம் கேட்பது முழுச் செயலுக்குமான பெயர்.

என் பரிந்துரை: சொற்பொறுப்பாய்வு. 'அமைச்சரின் பதிவைச் சொற்பொறுப்பாய்வுக்கு உட்படுத்தினர்' என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் நீளம்தான். பேச்சில் 'சொற்பொறுப்பு பார்த்தாச்சா?' என்று சுருங்கிவிடும். டிஸ்கிளெய்மருக்குப் 'பொறுப்புத் துறப்பு' ஏற்கெனவே வழக்கில் நிலைத்துவிட்டதால், அதன் மறுபக்கமாக இதுவும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். கணக்குப்பதிவியலில் பொறுப்பு என்றால் கொடுக்க வேண்டிய கடன் என்று ஒருவர் ஆட்சேபிக்கக்கூடும். ஆட்சேபிக்கட்டும், அந்தப் பொருளும் இங்கே பாதகமில்லை.

'பிரபலம்' வேண்டாம், 'பொதுமனிதர்' இருக்கட்டும் என்பதில் உங்கள் கட்சிதான் நானும். பிரபலம் என்பது புகழை மட்டும் அளக்கிறது. ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஊராட்சித் தலைவரின் வாட்ஸ்அப் செய்திக்கு அந்த ஊருக்குள் இருக்கும் கனம் அதில் அடங்காது.

சொல்லாய்வுக் குழுவுக்கு அனுப்பும் முன் இலங்கை நண்பர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அங்கே சட்ட வழக்கில் 'பொறுப்பு' இடிக்குமென்றால் இப்போதே மாற்றிவிடலாம்.

அன்புடன்