5 லட்சம் ரூபாய்: 20 மாற்றுத்திறனாளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதா, வங்கிக் கடனுக்குப் பங்காகக் கட்டுவதா?

பாலாற்றங்கரை:
வணக்கம். வேலூர் மாவட்டத்தில் சிறுதொழில் தொடங்கும் மாற்றுத்திறனாளிகளுக்காக 5 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. எல்லாம் நன்கொடை, அரசுப் பணம் கிடையாது. தலா 25,000 வீதம் 20 பேருக்கு, திருப்பிக் கேட்காத பணமாகக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. கடன் என்றாலே ஜாமீன், நகை, பத்திரம் என்று இழுக்கும். குழுவில் சிலர் வங்கிக் கடனோடு சேர்த்தால்தான் தொழில் நிற்கும் என்கிறார்கள். தையல், பெட்டிக்கடை, இட்லி மாவு, ஆடு என்று நான்கு தொழில்களைத்தான் அதிகம் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு பேசுங்கள்.

காட்பாடி கணக்கர்:
நான் அந்தச் "சிலர்" பக்கம். புதுத் தொழிலுக்கு வங்கிக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். மானியம் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25. அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் 2 லட்சம் ரூபாய்த் தொழில் என்று வையுங்கள். சொந்தப் பங்கு 10,000. வங்கி கொடுப்பது 1,90,000. அதில் 70,000 மானியம். உங்கள் 5 லட்சத்தை அந்தப் பத்தாயிரங்களாகப் பிரித்தால் 50 பேர், மொத்தம் 1 கோடி ரூபாய் முதலீடு. அதே பணத்தை 20 பேருக்குக் கொடுத்தால் 5 லட்சம் 5 லட்சமாகவே நிற்கும்.

ஜாமீன் பயத்தையும் அளவோடு வையுங்கள். சிறு, குறு தொழிலுக்குக் குறைந்தது 10 லட்சம் வரை வங்கி பிணையம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பார்வையற்றவருக்கு எந்த வங்கி வசதியையும் மறுக்கக் கூடாது என்று 2008-லேயே சுற்றறிக்கை வந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும் வங்கிக் கடன் பெறவும் மற்றவர்களுக்கு இணையான உரிமை உண்டு என்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக "பார்க்கலாம்" என்பவர்கள் எழுதித் தரத் தயங்குவார்கள்.

குடியாத்தம் தறி:
அண்ணே, கணக்கு சரி. ஆனா அந்த 70,000 கைக்கு வராதே. அது வங்கியிலேயே வட்டியில்லாத வைப்பாக 3 வருஷம் கிடக்கும். கடையை நேரில் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் கடனில் கழியும். மீதி 1,20,000-ஐ 11 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்குப் போட்டால் மாதத் தவணை சுமார் 2,600. ஒரு ஜாக்கெட் கூலி 150 ரூபாய், நூல், கொக்கி, கரண்ட் போக 120 நிற்கும் என்று வைத்தால், தவணைக்கு மட்டும் 22 ஜாக்கெட். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, ஆர்டர் படுத்துவிடும். ஆனியில் கடை திறந்தவர் அடுத்த மாசமே தவணைக்குக் கைமாத்து வாங்குவார்.

இன்னொன்று. அது புதுத் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடக்கும் கடைக்கு முதல் கடன் கிடையாது. வேறு அரசு மானியம் வாங்கிய தொழிலுக்கும் கிடையாது. பீடி, சிகரெட் விற்பனை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி இல்லாத பெட்டிக்கடையை எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? நான் பீடி விற்கச் சொல்லவில்லை. கேட்கும் நான்கு தொழிலில் ஒன்று அந்தத் திட்டத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது என்கிறேன்.

காட்பாடி கணக்கர்:
தவணை ஆரம்பிக்கும் முன் சில மாத அவகாசம் கேட்டு வாங்கலாம். தையல்காரருக்கு 2 லட்சம் தேவையில்லை என்றால் 50,000 வரை தரும் முத்ரா திட்டத்தின் சிசு கடன் போதும். ஆனால் உங்கள் பக்கத்துக்கு ஒரு கேள்வி. 25,000 கையில் போனதும் அது கடைக்குப் போகுமா? அடகில் இருக்கும் நகைக்கும் கந்துவட்டிக்காரருக்கும்தான் முதலில் போகும். அதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வட்டி ஓடும்போது யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் தொழில் தொடங்காது.

பாலாற்றங்கரை:
அதற்காகத்தான் விற்பனையாளருக்கே நேரடியாகக் கட்டி, மிஷினாக வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தோம்.

குடியாத்தம் தறி:
அதுதான் பெரிய தப்பு ஐயா. நன்கொடைப் பணம் என்று தெரிந்தால் விலைப்புள்ளி ஏறும். பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி மிஷின் வரும். மோட்டார் வைத்த சாதாரண மிஷின் சுமார் 10,000. அதைத் துறையே இலவசமாகத் தருகிறது, கை கால் பாதித்தவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும். சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலக வளாகத்திலிருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்தால் போதும். நீங்கள் அதையே இன்னொரு தடவை வாங்குவதில் பயனில்லை. யாரும் தராதது சுழற்சிப் பணம். லைனிங் துணி பத்து நிறத்தில் தலா ஒரு சுருள், நூல் பெட்டி, கொக்கி, ஃபால்ஸ், இரண்டு மாசக் கடை வாடகை. வாடிக்கையாளர் லைனிங்கை வெளியே வாங்கி வந்தால் தையல்காரருக்குக் கூலி மட்டும்தான். கடையிலேயே இருந்தால் மீட்டருக்குப் பத்துப் பதினைந்து கூடுதலாக நிற்கும். மூன்று தவணையாகக் கொடுங்கள். முதலில் 12,000, ஆறு வாரம் கழித்து நோட்டில் வரவு செலவு எழுதியிருப்பதைப் பார்த்து 8,000, நாலாவது மாசம் 5,000. மொத்தமாகக் கொடுத்தால்தான் கந்துவட்டிக்காரருக்கு வாசனை தெரியும்.

மூணுசக்கரம்:
மூணு பேரும் மிஷினையும் பணத்தையுமே பேசுகிறீர்கள். ஊனம் இல்லாத ஒருவருக்கும் இதே கணக்குத்தான் வரும். அப்புறம் மாற்றுத்திறனாளிக்கென்று தனிநிதி எதற்கு? ஊனத்தால் கூடும் செலவைத் தாங்கத்தான்.

லாங்கு பஜார் மாதிரி இடத்தில் கடை வாடகைக்கு எடுக்கிறார் ஒருவர், சக்கர நாற்காலியில். சாய்தளம் 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம். வாசல்படி 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அந்த இடம் அங்கே கிடையாது. சிமெண்டில் சாலைக்கு நீட்டினால் ஆக்கிரமிப்பு என்று இடிப்பார்கள். ஆகவே படி 15 செ.மீ.க்கு மேல் போகாத கடையாகத் தேட வேண்டும். அப்போது 1.8 மீட்டர் போதும், வழுக்காமலிருக்கப் பூப்போட்ட இரும்புத் தகட்டில் கழற்றி மாட்டும்படி வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். வாசல் 90 செ.மீ. அகலம், உள்ளே திரும்ப ஒன்றரை மீட்டர், கல்லா மேசை 75 செ.மீ. உயரம், அடியில் முழங்கால் நுழைய 70. அப்படிப்பட்ட கடைக்கு வாடகை கூடுதல். அந்தக் கூடுதல்தான் இந்த நிதியின் வேலை.

தையலுக்கு வருவோம். இரண்டு காலும் செயல்படாதவருக்கு மோட்டார் மிஷின் கொடுத்தாயிற்று என்று திருப்திப்படக் கூடாது. மோட்டாரை இயக்குவதும் கால்மிதிதான். அதை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தலாம், ஆனால் பாதி அழுத்தத்திலேயே நெடுநேரம் பிடித்தால் சூடேறிக் கருகும். தொழிற்சாலை மிஷினில் வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சர்வோ மோட்டார் போட்டு, வேக உச்சவரம்பைக் குறைத்து வைத்து, மிதியோடு சேரும் கம்பியைக் கழற்றி முழங்கை நெம்புகோலில் மாட்டுவது மேல். அந்த மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைத் தூக்குவது முழங்காலால். அது பயன்படாது, பின்பக்கக் கைநெம்புகோலை ஆரம்பத்திலிருந்தே பழக்க வேண்டும். முழுச்செலவு 25,000-ஐத் தாண்டும்.

தண்டுவட பாதிப்பு உள்ளவர் ஆறு மணிநேரம் ஒரே இருப்பில் தைத்தால் படுக்கைப்புண் வரும். கால் மணிக்கு ஒருமுறை கையூன்றி உடம்பைத் தூக்க வேண்டும், நல்ல மெத்தை இருக்கை வேண்டும். புண் வந்தால் மாதக்கணக்கில் கடை பூட்டு. கடைக்கு அருகில் நுழையக்கூடிய கழிப்பறை இல்லையென்றால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், அடுத்து சிறுநீர்த்தொற்று. அப்படியிருக்க உங்கள் கணக்கில் மெத்தையும் கழிப்பறையும் வரவே இல்லையே.

காட்பாடி கணக்கர்:
இதை நான் மறுக்கவில்லை. ஆனால் 20 பேருக்கும் இதையெல்லாம் யார் மதிப்பிடுவது?

மூணுசக்கரம்:
வேலூரில் இதைக் கேட்கிறீர்களே சார். பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966-லிருந்து இருக்கிறது. அதை உருவாக்கிய மருத்துவர் மேரி வர்கீஸ் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே தொழில்வழிச் சிகிச்சையாளரின் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஒரு பக்கக் குறிப்பு வாங்குங்கள். எந்த வேலை, எந்த உயரம், எத்தனை மணிநேரம், எது கூடாது. மிஷின் விலைப்புள்ளியை விட அதுதான் முதல் காகிதம்.

தொழுநோயிலிருந்து குணமானவர்களும் 2016 சட்டத்தின் 21 வகைக்குள் வருகிறார்கள். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருக்கும் இந்த மாவட்டத்தில் அவர்களை மறக்கக் கூடாது. கையில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சும்மா டீக்கடை வைத்துக் கொடுத்தால், சூடான பாத்திரத்தைப் பிடித்தது கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கொப்புளம் புண்ணாகும், விரல் குறையும். குழாய் வைத்த பாய்லர், கனமான மரப்பிடி, தடித்த துணியுறை வாங்கிக் கொடுங்கள். செலவு சில நூறுகள்தான்.

அணைக்கட்டு மேய்ச்சல்:
ஆடு பற்றி யாரும் பேசவில்லை, அதனால் சுருக்கமாக. 25,000-க்கு மூன்று வெள்ளாடுதான் வரும். சினைக்காலம் 5 மாசம், குட்டி விற்கும் பருவத்துக்கு இன்னும் ஏழெட்டு மாசம். முதல் ஒரு வருஷம் வருமானம் பூஜ்யம். கொடுத்தால் சினை ஆடாகக் கொடுங்கள். கே.வி.குப்பம் திங்கள் சந்தையில் வாங்கியதை அன்றே பட்டியில் விடாமல் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். ஆட்டுக்கொல்லிக்கும், மழைக்கு முன் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போடாமல் பணத்தை இறக்க வேண்டாம். நடக்க முடியாதவருக்கு மேய்ச்சல் ஆடு கொடுப்பது வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு வேலை கொடுப்பதுதான், அவன் பள்ளிக்கூடம் போகமாட்டான். பலகை போட்ட பரண் கொட்டகையும் பக்கத்தில் 10 சென்ட் தீவனச்சோளமும் இருந்தால் மட்டும் ஆடு.

குடியாத்தம் தறி:
மாவுக் கடைக்கும் ஒன்று. நம்ம ஊர் சித்திரை வெயிலில் மாவு நாலைந்து மணிநேரத்தில் புளித்துவிடும். கிரைண்டருக்கு மட்டும் பணம் கொடுத்து ஃபிரிட்ஜுக்குக் கொடுக்காவிட்டால் மாலை வியாபாரத்துக்கு வைத்த மாவைக் கீழே கொட்ட வேண்டியதுதான். குழவியைத் தூக்க வேண்டிய கிரைண்டர் ஒரு கை பலவீனமானவருக்கு ஆகாது, சாய்த்து ஊற்றும் வகைதான் வேண்டும். அது விலை கூடுதல். பழைய ஃபிரிட்ஜ், புது கிரைண்டர் என்று வாங்குங்கள், தலைகீழாக வேண்டாம்.

பணம் வாங்குவதில்கூட ஒரே கருவி எல்லாருக்கும் பொருந்தாது. பார்வையற்ற கடைக்காரருக்குத் தொகையை உரக்கச் சொல்லும் பெட்டி பெரிய உதவி. ரிசர்வ் வங்கியின் "மணி" (MANI) ஃபோன் செயலி எத்தனை ரூபாய் நோட்டு என்றும் சொல்லிவிடும். காது கேளாதவருக்கு அந்தப் பெட்டி வீண் வாடகை. அவருக்கு அதிர்வோடு திரையில் தொகை தெரியும் ஃபோன்தான் வேண்டும்.

காட்பாடி கணக்கர்:
ஒத்துக்கொள்கிறேன், பழைய கடைகளுக்கும் பீடி விற்கும் பெட்டிக்கடைக்கும் பி.எம்.இ.ஜி.பி. வழி இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் 25,000 தீர்ந்த பிறகு அவருக்கு அடுத்த பணம் எங்கிருந்து? வங்கியில் பெயர் இல்லாதவர் நாளைக்கும் கந்துவட்டிக்குத்தான் போவார். கொடுக்கும் பணம் அவர் பெயரிலேயே உள்ள கணக்கில் போக வேண்டும், அண்ணன் கணக்கிலோ கணவர் கணக்கிலோ அல்ல. செலவு வங்கி வழியாக நடக்க வேண்டும், சிறு, குறு தொழிலுக்கான அரசின் இலவச உத்யம் பதிவை அன்றே செய்ய வேண்டும். ஆறு மாத வரவு செலவு கணக்கில் தெரிந்தால்தான் மேலாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

குடியாத்தம் தறி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நமக்குள் பாதிச் சண்டை இல்லை அண்ணே. ஆனா உத்யம் பதிவு என்றதும் பலர் பின்வாங்குவார்கள், மாத உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம். பதிவுக்கு முன்னால் நல அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் கொடுத்த பிறகு கேளுங்கள்.

பாலாற்றங்கரை:
எல்லாவற்றையும் வைத்துத் திட்டத்தை மாற்றுகிறேன். 12 பேருக்குத் தலா 30,000 வரை, மூன்று தவணை, முதல் தவணைக்கு முன் சிகிச்சையாளர் குறிப்பு. அது 3,60,000. புதிதாகத் தொடங்கி வங்கிக்குப் போக விரும்பும் 8 பேருக்குப் பங்குத்தொகை தலா 10,000, ஆக 80,000. மீதி 60,000 பழுதுக்கும் அவசரத்துக்கும் கையிருப்பு.

மூணுசக்கரம்:
கையிருப்பு வைத்தது நல்லது, மோட்டார் கருகினால் உதவும். ஆனால் தேர்வுக்குழுவில் மாற்றுத்திறனாளிகள் பாதிப்பேராவது இருக்கிறார்களா? விண்ணப்பம் வாங்கும் அறை மாடியிலா? குரல்பதிவாக விண்ணப்பித்தால் ஏற்பீர்களா? நேர்காணலுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் யார்? காகிதம் நிரப்பத் தெரிந்த 12 பேர்தான் வந்து சேர்வார்கள் என்றால் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது.

பாலாற்றங்கரை:
அறை முதல் மாடியில்தான் பார்த்திருந்தோம். மாற்றிவிடுகிறோம். குரல்பதிவு ஏற்கப்படும். குழுவில் ஐவரில் மூவர் மாற்றுத்திறனாளிகளாக இருப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் செலவைக் கையிருப்பிலிருந்து எடுக்கிறோம்.

காட்பாடி கணக்கர்:
வங்கிப் பக்கம் 8 பேர் போதாது. அதை 16 ஆக்குங்கள், அந்த 12-ஐ 9 ஆக்கினால் 4,30,000-க்குள் வந்துவிடும், கையிருப்பும் 70,000 ஆகும்.

குடியாத்தம் தறி:
அந்த மூணு பேர் பழைய கடைக்காரர்களாக இருந்தால்? அவர்களை எந்த வங்கி எடுக்கும் என்று பெயரோடு சொல்லுங்கள், அப்புறம் 9-க்கு ஒத்துக்கொள்கிறேன்.