ஏரிப் பாதுகாப்புக் குழுவைக் கூட்டமைப்புடன் இணைப்பது குறித்து

கேள்வி:
நண்பர்களே, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான எங்கள் ஏரிப் பாதுகாப்புக் குழுவைத் தன்னுடன் இணைத்துவிடுமாறு மாவட்ட அளவிலான தொண்டு நிறுவனக் கூட்டமைப்பு ஒன்று கேட்கிறது. தணிக்கைச் சுமை குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஞாயிறு காலைதோறும் கரைக்கு வந்து சீமைக்கருவேலம் வெட்டும் உறுப்பினர்கள் தயங்குகிறார்கள். எதை முதலில் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1:
செயற்குழு மட்டும் முடிவெடுத்தால் போதாது, ஐயா. 21 நாள் முன்னறிவிப்புடன் பொதுக்குழுவைக் கூட்டி, வந்திருப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரவுடன் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வருமான வரி: கூட்டமைப்பு அறநிறுவனங்களுக்கான வருமான வரி விலக்குப் பதிவு பெற்றதாகவும் உங்களோடு ஒத்த நோக்கங்கள் கொண்டதாகவும் இல்லையெனில், உங்கள் சொத்து மதிப்பில் கடன்களைக் கழித்து எஞ்சும் தொகைக்கே வரி விழும். 2016இல் வந்த இந்த விதியைச் சிறிய குழுக்கள் எளிதில் கவனிக்கத் தவறிவிடும்.

மறுமொழி 2:
வெளிநாட்டு நன்கொடை ஏதும் மிச்சம் இருக்கிறதா? வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதை வேறு அமைப்புக்கு மாற்ற இயலாது.

மறுமொழி 3:
இணைப்பே எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பதிவை வைத்துக்கொண்டே உறுப்பு அமைப்பாகச் சேர்ந்து, ஓராண்டு ஒப்பந்தத்தில் கணக்கு வேலையை மட்டும் அவர்களிடம் விடலாம். வங்கிக் கணக்கில் கையெழுத்திடுவது யார், கடப்பாறை, மண்வெட்டிகள் யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.