மறு: பயண மிதிவண்டி வெள்ளோட்டம்: ‘ஃபிட்’ என்பதற்கு ‘வாகு’ சரிதானா?

அன்பர்களுக்கு வணக்கம். மூட்டையோடு நெடுந்தூரம் போகும் பயண மிதிவண்டியை வாங்குமுன் ஓட்டிப் பார்ப்பது பற்றிய குறிப்புக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோமே, அதில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

‘டெஸ்ட் ரைடு’க்கு இனியும் சொல் தேட வேண்டாம். புதுத் தேருக்கும் புதுக் கப்பலுக்கும் சொல்கிற ‘வெள்ளோட்டம்’ கையிலேயே இருக்கிறது. ‘சோதனை ஓட்டம்’ பிழையில்லை, ஆனால் அது ரயிலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கடையிலிருந்து புது வண்டியை எடுத்து ஒரு சுற்று போய் வருவதற்கு வெள்ளோட்டம்தான் மிடுக்கு.

சிக்கல் ‘ஃபிட்’டில்தான்; வண்டி ஓட்டுபவரின் உடம்புக்கு ஒத்து அமைவதை எப்படிச் சொல்வது என்பதில்.

> ‘பொருத்தம்’ என்று போட்டால் எல்லாருக்கும் புரியும். புதுச் சொல் எதற்கு?

புரியும் ஐயா. ஆனால் வேறொன்றாகப் புரியும். பட்டறையில் ‘பொருத்து’ என்றால் பாகங்களை மாட்டு என்று அர்த்தம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்புக்கே ‘பொருத்துநர்’ என்றுதான் பெயர். ‘மிதிவண்டிப் பொருத்தம்’ என்று எழுதினால், பெட்டியில் வந்த வண்டிக்குச் சக்கரமும் ஹேண்டில்பாரும் மாட்டுவதைப் பற்றிய கட்டுரை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பத்துப் பொருத்தம் நினைவுக்கு வந்து தொலைப்பது தனி.

> அப்படியானால் ‘அளவு’?

முதலில் தள்ள வேண்டியதே அதைத்தான். அளவு வண்டியுடையது; சட்டத்தில் 54, 56 என்று ஒட்டியிருப்பது. அதிலும் ஒரு நிறுவனத்தின் 56 இன்னொரு நிறுவனத்தின் 56 ஆக இருக்காது. சிலர் இருக்கைக் குழாயை அளக்கிறார்கள், சிலர் மேல்குழாயைக் கிடைமட்டமாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஃபிட் என்பது வண்டிக்கும் ஆளுக்கும் நடுவில் இருப்பது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடல் நீளம். ஒரே வண்டியில் முதல் ஆள் சீட்டை உயர்த்திவிட்டு ஹேண்டில்பாரைப் பிடிக்க மடங்கிக் குனிவார். இரண்டாவது ஆளுக்குச் சீட்டு இறங்கிவிடும், முன்பக்கம் இடுக்கமாகத் தெரியும். அளவு ஒன்றேதான்; ஒருவருக்கு வாய்த்தது மற்றவருக்கு வாய்க்கவில்லை.

பந்தய வண்டி என்றால் இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். பயண வண்டியில் நாளெல்லாம் உட்கார வேண்டும், மறுநாளும் அதே இருக்கை. எட்டிப் பிடித்துக் கையில் எடையைப் போட்டால் உள்ளங்கை நரம்பு நசுங்கிச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். அதனால்தான் பயண வண்டி வாங்குபவர் நிறத்துக்கும் கியர் எண்ணிக்கைக்கும் முன்னால் இதைப் பார்க்கிறார்.

அதற்கு ‘வாகு’ என்பேன். உடல்வாகு என்கிறோம். ‘கொஞ்சம் தள்ளி வாகா உட்காரு’ என்கிறோம். ‘கைக்கு வாகா இல்லை’ என்று அரிவாளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கருவியும் உடம்பும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்பதைச் சொல்லும் சொல் இது. ‘வாட்டம்’, ‘தோது’ இரண்டையும் யோசித்தேன். வாட்டம் என்றதும் தண்ணீர் ஓடுகிற சரிவும் வாடிய முகமும் வந்து நிற்கின்றன. தோது நல்ல சொல், ஆனால் வசதி, நேரம், பணம் என எல்லாவற்றுக்கும் போகும்.

> வாகு என்றால் தோள் அல்லவா? வீரவாகு?

ஆமாம், அந்தப் பொருளும் உண்டு. ஆனால் உடல்வாகு என்று கேட்டதும் யாரும் தோளை நினைப்பதில்லை. புழக்கம் ஏற்கெனவே தீர்த்துவைத்த விஷயம் இது.

கிளைச் சொற்கள் வளைந்து வருகின்றன: வாகு பார்த்தல், வாகாக்குதல், வாகளவுகள். ‘ரீச்’ என்பதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அக்கா சொன்ன ‘எட்டம்’ எனக்கு மிகவும் பிடித்தது. ‘எட்டத்தில் நிற்கிறார்’ என்று அங்கே பேச்சிலேயே இருக்கிறது; கை எட்டுவதும் அதற்குள் இருக்கிறது. ‘ஸ்டேக்’ (stack) என்பதற்கு ‘நிமிர்வு’ வைக்கலாம். மிதியச்சின் (மிதிகள் இரண்டும் சேர்ந்து சுற்றும் நடு அச்சின்) நடுவிலிருந்து தலைக்குழாய் (சட்டத்தின் முன்குழாய்) உச்சிவரை செங்குத்தாக அளந்தால் நிமிர்வு, கிடையாக அளந்தால் எட்டம். நிமிர்வு கூடினால் ஆள் நிமிர்வார், எட்டம் கூடினால் நீள்வார். விளக்கம் கேட்காமலே புரியும்.

சொற்களை ஒரு பத்தியில் போட்டு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். கடைக்குப் போகிறவருக்கான குறிப்பாக எழுதினேன்:

“வெள்ளோட்டத்துக்கு முன் வாகு பார்க்கவும். பயணத்தில் போடப்போகும் காலணியோடே ஏறவும். குதிகாலை மிதியில் வைத்து அடிவரை மிதித்தால் கால் நேராக வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கும். அந்த மடக்கு 25 முதல் 35 பாகைக்குள் இருக்கட்டும். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் இருக்கை உயரம் அதிகம். முழங்கை இறுகி, தோள் காதைத் தேடிப் போனால் எட்டம் அதிகம். ஹேண்டில்பார் இருக்கையின் மட்டத்துக்கே இருந்தாலும் பயண வண்டிக்குக் குறையில்லை. பின்னால் பைகளை மாட்டச் சொல்லி மிதித்துப் பார்க்கவும். குதிகால் பையில் இடிக்கக் கூடாது. பயண வண்டியின் பின்கவட்டை (மிதியச்சிலிருந்து பின்சக்கரம்வரை போகும் குழாய்களை) 45 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டி வைப்பது இதற்காகவும்தான்.”

படித்துப் பாருங்கள். எங்கேயும் தடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கால் உட்புற நீளத்தை 0.883 ஆல் பெருக்கி இருக்கை உயரம் காணும் வாய்பாட்டையும் சேர்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார், அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமோண்ட் பெயரோடு பரவியது அது. தொடக்கப் புள்ளியாக இருக்கட்டும்; மிதியின் தடிமனும் காலணியின் தடிமனும் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும்.

இனி கியர். ‘கியர்’ கியராகவே இருக்கட்டும். ‘பற்சக்கரம்’ என்பதை ஒரு தனிச் சக்கரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். மாற்றுகிற விதம்தான் இரண்டு. பழைய வகையில் நெம்புகோல் வழுக்கிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்பது காதும் கையும் சொல்ல வேண்டும். 1984இல் ஜப்பானிய நிறுவனம் ஷிமானோ தன் டூரா-ஏஸ் பாக வரிசையில் கொண்டுவந்ததற்குப் பிறகு, ‘டிக்’ என்று ஒரு தட்டுக்கு ஒரு பல்சக்கரம் என்ற முறை நிலைத்தது. முன்னதை ‘உராய்வு மாற்றி’ என்றும் பின்னதை ‘சொடுக்கு மாற்றி’ என்றும் சொல்லலாம். பின்னதன் ஆங்கிலப் பெயரான ‘இண்டெக்ஸ்டு’ என்பதற்குக் ‘குறியீட்டு மாற்றம்’ என்று ஒருவர் முன்மொழிந்தது அகராதியைப் பார்த்துச் செய்தது; வண்டியைப் பார்த்துச் செய்ததல்ல.

> ‘டிரெய்லியர்’ (derailleur, கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் கருவி) என்பதற்குத் ‘தடம்புரட்டி’!

சிரித்துவிட்டேன். பிரெஞ்சுச் சொல்லுக்கு நேர்ப்பொருள் அதுவேதான், ரயில் தடம் புரள்வது. இருந்தாலும் மலையிறக்கத்தில் அந்தப் பெயரை நம்பிக் கால் வைக்க எனக்குத் துணிவில்லை. ‘சங்கிலி மாற்றி’ போதும். ஒரு தகவல்: இதை முதலில் கொண்டாடியவர்கள் பந்தயக்காரர்கள் அல்ல, ஊர் சுற்றிகள். பிரான்சின் சேன்ட் எட்டியன் நகரில் பால் தெ விவி மாற்றுக் கியருக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். அவர் 1930இல் இறந்தார். துர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் சங்கிலி மாற்றியை அனுமதித்தது 1937இல்தான்.

கியர் பார்க்கும் பத்தியில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் வண்டியைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றினால் எல்லாக் கியரும் வெண்ணெயாக மாறும். மேட்டில், மிதியில் பாரம் இருக்கும்போது மாறுகிறதா என்பதே வெள்ளோட்டம். மாற்றிய பிறகும் சங்கிலி கரகரத்தால் கம்பியின் இழுப்பைச் சரிதிருகில் (கம்பி முனையில் இருக்கும் திருகில்) கால் சுற்று திருப்பினால் பெரும்பாலும் அடங்கும். பின்னால் ஆகப் பெரிய சக்கரத்துக்குத் தள்ளும்போது சங்கிலி ஆரக்கால் பக்கம் விழப் பார்த்தால் அது எல்லைத்திருகின் (சங்கிலி மாற்றி எதுவரை நகரலாம் என்று தடுக்கும் திருகின்) வேலை, அதைச் சரிசெய்யாமல் கடையை விட்டு இறங்கக் கூடாது.

ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி நகரும் தூரத்துக்கு ‘சுற்றுத்தூரம்’ போதும். முன்னால் 26 பல், பின்னால் 36 பல், 700×35 டயர் என்றால் சுற்றுத்தூரம் சுமார் 1.6 மீட்டர், 48க்கு 11 என்றால் 9.5 மீட்டர். மூட்டையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறப்போகிறவர் முதல் எண்ணைத்தான் கேட்பார். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடப்பதைவிட ஒரு பிடி வேகம், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது ஒன்று. ஹேண்டிலை ஒடிக்கும்போது முன்சக்கரமோ மட்கார்டோ கால்விரலில் இடிப்பதற்கு என்ன பெயர்? ‘கால்தட்டு’, ‘விரலிடி’ இரண்டும் வந்திருக்கின்றன. உங்கள் ஊர் சைக்கிள் கடையில் இதற்கு ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். கேட்காமல் நாமே ஒன்றை வைத்துவிட வேண்டாம்.