பிளாக் டிக்கெட் விற்பனையைத் தடுக்கத் தனிச் சட்டம் உண்டா?

சேப்பாக்கம் ரசிகன்:
2024 செப்டம்பரில் நவி மும்பையில் நடக்கவிருந்த பிரிட்டிஷ் இசைக்குழு கோல்ட்பிளேயின் நிகழ்ச்சிக்கான டிக்கெட்டுகள் விற்பனை தொடங்கிய சிறிது நேரத்திலேயே தீர்ந்து, மறுவிற்பனைத் தளங்களில் லட்ச ரூபாய்க்கும் மேல் விலை பேசப்பட்டன. பிரிட்டன் அரசோ, வாங்கிய விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதையே சட்டவிரோதமாக்கப் போவதாக 2025 நவம்பரில் அறிவித்துவிட்டது. இங்கு ஐபிஎல் சமயத்தில் மைதான வாசலில் பிளாக்கில் விற்பவர்களைப் பிடிக்கும் காவல்துறையால், இணையத்தில் விற்பவர்களை ஏன் தொட முடிவதில்லை?

வழக்காடி:
கச்சேரிக்கும் கிரிக்கெட்டுக்கும் பொருந்தும் தனி மத்தியச் சட்டம் இல்லாததே முதல் காரணம். மோசடிப் பிரிவில் வழக்குப் போட்டாலும், அதிக விலை என்று தெரிந்தே வாங்கியவர் ஏமாற்றப்பட்டார் என்று நிறுவுவது கடினம். கோல்ட்பிளே விவகாரத்தில் தாக்கலான பொதுநல மனுவையும், சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்று கூறி, 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ரயில் டிக்கெட்டுக்கு நிலைமை வேறு. அனுமதியின்றி டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால், 1989 ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. அது இணைய டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அதே மாதத்தில் தெளிவுபடுத்தியது.

கணினிக்காரர்:
சட்டம் வந்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. மனிதரைப் போல நடித்து டிக்கெட்டுகளைத் தானாகவே அள்ளும் பாட் (bot) மென்பொருளுக்கு எதிராக அமெரிக்கா 2016-லேயே சட்டம் இயற்றியும், அதன்படி முதல் நடவடிக்கை 2021-இல்தான் வந்தது. அதைவிட, மொத்த இருக்கைகளில் எத்தனை பொது விற்பனைக்கு வருகின்றன, கிளப்புகளுக்கும் விளம்பரதாரர்களுக்கும் எத்தனை போகின்றன என்பதை ஏற்பாட்டாளர்கள் வெளியிடக் கட்டாயப்படுத்த வேண்டும். பிளாக்கில் வரும் டிக்கெட் எந்த வழியாகக் கசிந்தது என்று கேட்கவாவது அப்போதுதான் முடியும். (இலவச பாஸ் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாருக்கும் காது கேட்காமல் போய்விடுகிறது என்பது தனிக்கதை.)

மயிலைவாசி:
ஜப்பானில் 2019 முதல், மறுவிற்பனைத் தடை அச்சிடப்பட்டு, வாங்குபவரின் விவரம் பதிவான டிக்கெட்டைக் கூடுதல் விலைக்குத் தொழிலாக விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் டிக்கெட்டோடு வாங்கியவரின் பெயரைக் கட்டிவைத்துவிட்டு, திடீரென வர முடியாமல் போனவருக்குத் திருப்பிக் கொடுக்க வழி இல்லையென்றால், அவரும் வாட்ஸ்அப் குழுவில்தான் விற்பார். அங்கேதான் ஒரே பிடிஎஃப் ஐந்து பேருக்கு விற்கப்படுகிறது. முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போய்விட, மற்ற நால்வரும் வாசலில் நிற்கிறார்கள். அது சந்தேகத்துக்கு இடமில்லாத மோசடி என்பதால், பணம் அனுப்பிய ரசீதோடு தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.