உதவி: 4கே-யில் வந்த பழைய சண்டைப் படம். கோளாறு படத்திலா, எங்கள் டிவியிலா?

கோத்தகிரி_மகன்:

எல்லோருக்கும் வணக்கம். 90களின் தொடக்கத்தில் வந்த ஒரு சண்டைப் படத்தை 4கே-யில் புதுப்பித்து யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். பெயர் சொன்னால் பேச்சு நாயகன் பக்கம் போய்விடும், அதனால் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஊட்டியில் தியேட்டரிலும் போடுகிறார்கள்.

அப்பாவுக்கு உயிரான படம். கார் துரத்தும் காட்சியை ஊட்டி பக்கத்து ஒன்பதாவது மைலில் எடுத்தபோது நேரில் நின்று பார்த்தவர். இப்போது முழங்கால் வலி. முப்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் அழைத்துப் போவதென்றால், போகிற இடத்தில் படம் உருப்படியாக இருக்க வேண்டும். வீட்டில் போட்டுப் பார்த்ததில் இத்தனை சந்தேகம்:

முகங்கள் வழவழவென்று இருக்கின்றன, நெருக்கத்தில்கூட தாடி மயிர் தெரியவில்லை. சண்டை டிவி சீரியல் மாதிரி ஓடுகிறது. மூடுபனிக் காட்சியில் வெள்ளை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது. ஒரு காட்சி கரைந்து அடுத்தது வரும் இடங்களில் படம் சில நொடி மங்கி, பிறகு திடீரென்று தெளிகிறது. வசனம் காதில் விழவில்லை, குத்து விழுந்தால் ஜன்னல் அதிர்கிறது. அப்பா சொல்வது வேறு: "புல்லு இந்த நிறத்துல இல்லவே இல்லடா."

டிவி 43 அங்குலம், கீழே ஒரு சவுண்ட்பார். பத்தடி தள்ளி உட்கார்கிறோம். இணைய வேகம் 10 மெகாபிட், மழை வந்தால் அதுவும் குறையும். இதில் எதெல்லாம் தியேட்டரிலும் வரும்?

குன்னூர்_ஒலி:

தம்பி, முதலில் டிவியைச் சரி செய்யுங்கள். அதற்கு முன் படத்தைக் குறை சொல்ல முடியாது.

படம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். கடையிலிருந்து வரும்போதே பல டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி போட்டே இருக்கும். இரண்டு பிரேமுக்கு நடுவே இல்லாத பிரேம்களை டிவி தானே உண்டாக்கிச் செருகும். சீரியல் மாதிரி தெரிவது இதனால்தான். மோஷன் என்று பெயருள்ள எதையும் அணைத்துவிடுங்கள். படவகையை விவிடிலிருந்து சினிமாவுக்கு மாற்றுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைக்க வேண்டும், முகம் வழவழப்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம். ஷார்ப்னெஸ் ஏறியிருந்தால் இறக்குங்கள்.

மூடுபனி உடைவது இணையத்தால். 4கே சீராக ஓட 15 முதல் 25 மெகாபிட்டாவது வேண்டும். இல்லையென்றால் சத்தமில்லாமல் தரம் இறங்கிவிடும். பனியில் ஒரு வெள்ளைக்கும் அடுத்த வெள்ளைக்கும் நூலிழை வித்தியாசம்தான். தரவு குறைந்தால் முதலில் அடிபடுவது அதுதான். தியேட்டருக்கு வரும் கோப்பு நொடிக்கு 250 மெகாபிட் வரை போகும், அதனால் அங்கே இந்தக் கட்டங்களைப் பார்க்க வாய்ப்பில்லை. அப்புறம், 43 அங்குலத்தில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் 4கே-க்கும் சாதா எச்டி-க்கும் வித்தியாசமே தெரியாது. தரம் பார்க்கும்போது மட்டும் மூன்றடிக்கு வந்துவிடுங்கள்.

ஒலி கொஞ்சம் சிக்கலானது. ஒலியைப் பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்துத் தரும் முறைகளில், டால்பி ஸ்டீரியோ 1995இல் குருதிப்புனலோடும், டி.டி.எஸ். 1996இல் கருப்பு ரோஜாவோடும் தமிழுக்கு வந்தன. உங்கள் படம் அதற்கு முந்தியது, அதனால் அநேகமாக மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில். பிலிமின் ஓரத்தில் கோடாகப் பதிந்த அந்த ஒலியில் மிகக் கூர்மையான ஓசைகளுக்கு இடம் கிடையாது. அதே வசனத்தை வைத்துக்கொண்டு, மேலே இப்போது பதிவு செய்த குத்துச் சத்தத்தை முழு பேஸோடு ஏற்றினால் வசனம் அமுங்கத்தான் செய்யும். 5.1 கலவை (ஐந்து சேனலும் பேஸுக்குத் தனியாக ஒன்றும்) என்றால் வசனத்துக்கென்றே திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. உங்கள் சவுண்ட்பாரில் எல்லாம் இரண்டு சேனலுக்குள் நெரிகிறது. ஆகவே தியேட்டரில் வசனம் இதைவிடத் தெளிவாகவே இருக்கும்.

தியேட்டரில் ஒன்று செய்து பாருங்கள். பக்கச் சுவர் ஒலிபெருக்கிக்குக் கீழே ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் நாயகன் பேசுவது மெலிதாகக் கேட்டால், மோனோ ஒலியைக் கருவியால் பிரித்து 5.1 என்று தந்திருக்கிறார்கள். பாட்டும் மழையும் மட்டும் கேட்டால், வசனம், இசை, சத்தம் என்று தனித்தனியான பழைய பதிவுகளைத் தேடி எடுத்து நியாயமாகக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்துநகர்_பழையவர்:

நான் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் பூச்சுப் பிரிவில் வேலை பார்த்தவன். கும்மிருட்டில் பிலிம் மேல் ரசாயனம் பூசிய கை இது, அதனால் குருணையை (பிலிமில் தெரியும் நுண்துகள், கிரெய்ன்) பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிலிமில் உருவம் உண்டாவதே குருணையால்தான். வண்ணப் பிலிமைக் கழுவும்போது வெள்ளி போய்விடும், அது இருந்த இடத்தில் சாயத் திட்டுகள் நிற்கும். ஒரு பிரேமில் இருக்கும் இடத்தில் அடுத்த பிரேமில் இருக்காது, அதனால் திரை முழுக்க மெல்லிய துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்தால் தாடி மயிர், வியர்வை, துணியின் இழை எல்லாம் கூடவே போய்விடும். டிவியைச் சரி செய்த பிறகு, கேமரா அசையாத காட்சி ஒன்றில் வெறும் சுவரை உற்றுப் பாருங்கள். சுவர் துடிக்க வேண்டும். துடிக்கவில்லையென்றால் படத்திலேயே துடைத்திருக்கலாம், அப்படியானால் தியேட்டரிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இணைய வேகம் குறைந்தாலும் துடிப்பு அழியும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சண்டைப் படத்துக்கு இன்னொரு சோதனை, கண்ணாடி உடையும் காட்சி. கீறலையும் தூசியையும் நீக்கும் மென்பொருள், ஒரே பிரேமில் தோன்றி மறையும் எதையும் குறை என்று எடுத்துக்கொள்ளும். பறக்கும் கண்ணாடிச் சில்லு, தீப்பொறி, மழைத்துளி எல்லாம் அப்படித் தோன்றி மறைபவைதான். கணினியில் படத்தை நிறுத்தி, புள்ளி விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். சில்லு பாதி வழியில் காணாமல் போனால், ஆள் உட்கார்ந்து சரிபார்க்காமல் இயந்திரத்திடமே விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

காட்சி கரையும் இடத்தில் மங்குவது குறையல்ல. அந்தக் காலத்தில் இரண்டு காட்சிகளையும் வேறொரு பிலிமில் மறுபடி படம்பிடித்து, அந்தத் துண்டைத்தான் நெகடிவில் ஒட்டுவார்கள். அந்தத் துண்டு ஒரு தலைமுறை தள்ளிப் போனது, அதனால் மங்கும். சுற்றியுள்ளது தெளிவாக இருப்பதால்தான் அது உங்கள் கண்ணில் பட்டது. அசல் நெகடிவிலிருந்தே ஸ்கேன் செய்திருக்க வாய்ப்பு அதிகம், எனக்கு அது மகிழ்ச்சி. ரீல் முடியும் இடங்களில், அடுத்த ரீலுக்கு மாற்ற ஆபரேட்டருக்கு அடையாளமாக, வலது மேல் மூலையில் வட்டப் புள்ளி பளிச்சிடுகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அநேகமாகத் தியேட்டருக்குப் போன பிரதியிலிருந்து எடுத்தது.

கோத்தகிரி_மகன்:

ஐயா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. மோஷனை அணைத்ததும் சீரியல் தோற்றம் போயே போய்விட்டது. முகம் கொஞ்சம் தேறியிருக்கிறது, முழுதாக இல்லை. சுவர் துடிக்கவில்லை. வட்டப் புள்ளி எங்கேயும் இல்லை. ஓட்டல் சண்டையில் நாயகன் கண்ணாடிக் கதவைப் பிளந்துகொண்டு வரும் இடத்தைப் பிரேம் பிரேமாகப் பார்த்தேன். அவர் தோளுக்கு மேலே பறக்கும் ஒரு பெரிய சில்லு இரண்டு பிரேம் இருக்கிறது, மூன்றாவதில் இல்லை, நான்காவதில் மறுபடி வருகிறது. பார்த்ததும் வயிறு எரிந்தது. புல் விஷயம் மட்டும் பாக்கி.

செண்பகனூர்_வண்ணம்:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன், சென்னையில் சில காலம் வண்ணத் திருத்தத்தில் இருந்தேன். படப்பிடிப்பு எந்த மாதம் என்று அப்பாவுக்கு நினைவிருக்கிறதா? உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் அது முக்கியம்.

இன்னொன்று: படம் ஸ்கோப் (அகலத் திரைப் படம்) என்றால் டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தே ஆக வேண்டும். 43 அங்குலத்தில் ஒவ்வொன்றும் சுமார் ஆறரை சென்டிமீட்டர். திரை நிறைந்து தெரிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்துக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கை வெட்டிவிட்டார்கள்.

கோத்தகிரி_மகன்:

பட்டை இருக்கிறது. பொங்கல் முடிந்த கையோடு எடுத்தார்கள் என்கிறார் அப்பா. காலையில் டீ வாங்கி வருவதற்குள் ஆறிவிடுமாம்.

செண்பகனூர்_வண்ணம்:

அப்படியானால் அப்பா சொல்வதுதான் சரி. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழும், மேட்டுப் புல்வெளி கருகி வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். தைலமரமும் சோலையும் மட்டும் பச்சையாக நிற்கும். புதுப் பிரதியில் புல் பசேலென்று இருந்தால், மலை என்றால் பச்சை என்று யாரோ முடிவுசெய்து ஏற்றியிருக்கிறார்கள். இப்போது நிழல்களில் நீலப்பச்சையும் தோலில் ஆரஞ்சும் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. நாயகன் சட்டை வெள்ளையா? அந்த வெள்ளை நீலத்துக்குச் சாய்கிறதா என்று பாருங்கள். வண்ணத்தை மதிப்பிட, நிறம் தெரிந்த பொருளைப் பிடித்துக்கொள்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. படப்பிடிப்பை நேரில் பார்த்த ஒருவர் வீட்டிலேயே இருப்பது உங்கள் பாக்கியம்.

இந்த நிறம் தியேட்டரிலும் மாறாது. ஆனாலும் அழைத்துப் போங்கள். அசல் நெகடிவிலிருந்து வந்த ஸ்கோப் படத்தைப் பெரிய திரையில் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வராது.

கோத்தகிரி_மகன்:

போய் வந்தோம். மூடுபனி சுத்தமாக இருந்தது, ஒரு கட்டம்கூட இல்லை. வசனம் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இடைவேளைக்கு முந்தைய சண்டையில் சுவர் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றேன்: மழையும் வயலினும் மட்டுமே, பேச்சு இல்லை. முகங்கள் சொன்னபடியே வழவழ. வெள்ளைச் சட்டை நீலத்துக்குச் சாய்ந்தது. புல் பச்சையாகவே இருந்தது, அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். புதுப்பித்தவர்களுக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். எப்படி எழுதினால் கவனிப்பார்கள்?

இந்துநகர்_பழையவர்:

மொத்தமாகக் குறை சொல்ல வேண்டாம், தம்பி. ஒலி நன்றாக அமைந்ததை முதலில் எழுதுங்கள், அவர்கள் உழைத்திருக்கிறார்கள். பிறகு கண்ணாடிச் சில்லு மறையும் இடத்தை மணி, நிமிடம், நொடியோடு குறியுங்கள், அந்த நான்கு பிரேமையும் படமாக இணையுங்கள். புல்லுக்கு, படப்பிடிப்பு தை மாதம் என்பதையும், உறைபனிக் காலத்தில் நீங்களே ஒன்பதாவது மைலில் எடுத்த புகைப்படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.