முதுகுத்தண்டு அடிபட்ட தம்பி: மனசுக்கு என்ன செய்யலாம்?

மதுரைக்காரி:
பைக் விபத்துக்குப் பிறகு தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பிசியோ ஒழுங்காக நடக்கிறது, ஆனால் பேச்சே குறைந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "தன்னம்பிக்கையா இருப்பா" என்கிறார்கள், அவர்கள் போனதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இதைக் கடந்து வந்தவர்களுக்கு எது கைகொடுத்தது?

சக்கரநாற்காலி:
அக்கா, நானும் அதே கேஸ்தான். முதலில் அவனை அழ விடுங்கள். என் உடம்பு வேலையை நானே பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெம்பு வந்தது. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, நேரம் பார்த்துக் கதீட்டர் வைத்துச் சிறுநீர் எடுப்பது, படுக்கைப்புண் வராமல் இருக்க அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்குவது, ராத்திரி கண்ணாடி வைத்துப் பின்பக்கம் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாமே. அம்மா ஓடி ஓடிச் செய்ததெல்லாம் பாசம்தான், ஆனால் எனக்கென்று எதுவும் மிச்சமில்லாத மாதிரி இருந்தது. வீட்டுக் கணக்கு, கரண்ட் பில் எதையாவது அவன் பொறுப்பில் விடுங்கள்.

தென்காசி வாசகர்:
முடிந்தால் ஆய்க்குடியில் இருக்கிற அமர் சேவா சங்கம் என்ற மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போங்கள். அதை 1981-ல் தொடங்கிய ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரிக்கான உடல்திறன் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வீல்சேரில் இருந்தபடி வேலை பார்க்கிறவர்களைத் தம்பி நேரில் பார்க்கட்டும். மாரியப்பன் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய வீடியோவை மட்டும் இப்போது காட்டாதீர்கள். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு, ஆனால் படுத்திருக்கிறவனுக்கு அது "நீ ஏன் இன்னும் இப்படி இருக்கிறாய்" என்று கேட்பது போல ஆகிவிடும்.

மனநல ஆலோசகர்:
கடுமையான ஊனத்தோடு வாழ்கிறவர்களிடம் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எடுத்த பேட்டிகள் 1999-ல் வெளிவந்தன. பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். இல்லை என்றவர்கள் சொன்ன காரணங்கள் வலி, அசதி, உடம்பு தன் கட்டுப்பாட்டில் இல்லாதது. அதனால் வலி இருக்கிறதா என்று அவனிடம் கேளுங்கள், உணர்வில்லாத இடத்திலும் நரம்பு வலி வரும், அதற்கு மருந்து உண்டு. தூக்கமும் சாப்பாடும் போய், சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்க வேண்டாம், உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

மதுரைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. வாசலில் ஓர் அடி உயரத்துக்குப் படி இருக்கிறது, கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்?

சக்கரநாற்காலி:
ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் அக்கா, அப்போ உங்களுக்குப் பன்னிரண்டு அடி. கொத்தனாரிடம் தம்பியையே பேச விடுங்கள்.